மடித்து வைத்த சட்டைகள்

ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் மாரெட்பள்ளியில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போயிருந்தோம். வீட்டுக்கார அம்மா சமையலறையைக் காட்டினார். குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினார். மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய், துணி காயப்போட எந்தக் கொடி எங்களுக்கு என்றுகூடச் சொல்லிவிட்டார். கீழே வந்ததும் மோர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மிக இனிமையாக, "மீரேமிட்லு?" என்று கேட்டார். எனக்கு அப்போது தெரிந்தது காய்கறி வாங்கப் போதுமான தெலுங்கு. மீரு என்றால் நீங்கள், ஏமி என்றால் என்ன. நீங்கள் என்ன என்கிறார் என்று புரிந்துகொண்டு, "டீச்சர்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அதி காது அம்மா, மீரேமிட்லு?" என்று, அது இல்லை என்கிற பாவனையில், திரும்பவும் கேட்டார். எந்தப் பாடம் என்று கேட்கிறாரோ என்று நினைத்து, "மேத்ஸ்" என்றேன். எங்களைக் கூட்டிப்போயிருந்த என் கணவரின் அலுவலக நண்பர் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன் நண்பர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு 'நீங்கள் என்ன ஆட்கள்' என்று பொருளாம். சாதியைக் கேட்கிற மரியாதையான வழியாம் அது.

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வந்தது. எங்கள் விருதுநகரில் இப்படி யாரும் நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கத் தேவையில்லை. "எந்தத் தெருப் பிள்ள நீ?" என்பார்கள். தெருவின் பெயரைச் சொன்னால் மிச்சம் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். உட்காரச் சொல்வதா, நின்றபடி பேசி அனுப்புவதா என்பதும் அதற்குள் முடிவாகிவிடும். சொந்த ஊரில் என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு தெரு இருந்தது. இந்த ஊரில் என் தெரு யாருக்கும் தெரியாது. அதனால் என் வாயிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகும்போது அது எனக்கு ஒரு வசதியாகப் பட்டது. கேட்டால் சொல்லாமல் இருக்கலாமே! சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வேலை கேட்டுப் போன பள்ளிகளில், பக்கத்து வீடுகளில், கல்யாண விருந்துகளில், எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டார்கள். இன்றுவரை சொன்னதில்லை. மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். எனக்கு இந்த ஊரில் நானே கட்டிக்கொண்ட வீடு அதுதான்.

அதற்குப் பிறகு காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் தொழிற்சாலையின் குடியிருப்பில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே வீடு பதவியைப் பார்த்துத் தருவார்கள். பக்கத்தில் யார் வருவார் என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. அதனாலேயே நாங்கள் நிம்மதியாக இருந்தோம். எங்கள் மகள் கயல் அங்கேதான் வளர்ந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் இந்திக்கும் அதிகமாக வந்தால் ஆங்கிலத்துக்கும் போவாள். கணவர் ஓய்வு பெற்றதும் சைனிக்புரியில் ஒரு சிறிய ஃப்ளாட் வாங்கினோம். அங்கே எனக்கு ஒரு வாசிப்பு வட்டம் கிடைத்தது.

வட்டம் என்று பெரிதாகச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை இந்திரா காருவின் வீட்டு முன்கூடத்தில் நாலைந்து நாற்காலிகள், அவ்வளவுதான். காரு என்பது தெலுங்கில் பெயரோடு சேர்க்கிற மரியாதைச் சொல். இந்திரா காரு ஒரு பள்ளியின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் அமெரிக்காவில். தரைத்தளத்தில் தான் இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுவார். புத்தகத்தை அவர் படிப்பதுபோல் படிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாம் தாண்டிப் போன வரியில் அவர் நின்றுகொண்டிருப்பார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வருவார். பக்கத்துக் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் ஷாஹீன் வருவாள். முப்பதைத் தாண்டிய பெண். பழைய நகரத்துப் பக்கம் அம்மாவோடு இருந்தாள். இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்கு வர வேண்டும். ஷாஹீனின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்திரா காரு தினமும் ரசமும் சாதமும் கட்டி, தானே ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தார். இதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் படிக்கக்கூடாது.

அந்த மாதங்களில் நாங்கள் படித்துக்கொண்டிருந்தது ஒரு பழைய ஆங்கில நாவல். ஒரு துறைமுக ஊருக்கு வேறு தேசத்திலிருந்து கயிறு திரிக்கும் தொழிலாளி ஒருவன் வருகிறான். ஊரின் சரக்குக் கிடங்கு தீப்பிடித்து எரிகிறது. வந்தேறி என்பதால் பழி அவன்மேல் விழுகிறது. நாவலின் பெரும்பகுதி அவன்மேல் நடக்கிற, தூக்குவரை போகக்கூடிய வழக்குதான். அவனுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த விதவைப் பெண், ஊரே எதிர்த்தும், அன்று இரவு அவன் வீட்டில்தான் இருந்தான் என்று சாட்சி சொல்கிறாள். அந்தச் சாட்சியால் அவன் விடுதலையாகிறான். கடைசி அத்தியாயத்தில் அறைக்குத் திரும்பி வருகிறான். வாசலில் அவன் பெட்டி இருக்கிறது. அவன் சிறையில் இருந்த நாட்களில் அவன் சட்டைகளை எல்லாம் அவள் துவைத்து, தேய்த்து, மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். உள்ளே வராதே என்று அவள் சொல்லவில்லை. கதவைத் திறந்து நின்றுகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அவன் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறான். நாவல் அங்கே முடிகிறது.

கடைசி அத்தியாயங்களைப் பேச வேண்டிய சனிக்கிழமைக்குச் சில வாரங்கள் முன்னால், இந்திரா காருவின் மாடி காலியாயிற்று. கேட்டில் டூ-லெட் பலகை தொங்கியது. ஷாஹீன் அவரிடம் போய், அந்த வீட்டைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். இந்திரா காரு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, முந்தே செப்புண்டே பாகுண்டேதி, முன்பே சொல்லியிருக்கக்கூடாதா, வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே" என்றிருக்கிறார். அதை ஷாஹீன் என்னிடம் பஸ் நிறுத்தத்தில் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் வாரங்கள் போயின, பலகை அப்படியே தொங்கியது. மாடியின் சன்னல்கள் மூடியே இருந்தன.

வீட்டில் சொன்னேன். "நீ என்னத்துக்கு இதுல தலைய விடுத, மங்கை? பொஸ்தகம் படிக்கப் போனமா வந்தமான்னு இரு. அந்தம்மா வீடு, அந்தம்மா இஷ்டம்" என்றார் கணவர். அவர் கோழையல்ல. வீடு தேடி அலைந்த களைப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போனோம். ஷாஹீன் வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு முன்பே வந்து, சுவரோரம் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வழக்கப்படி ஆளுக்கு ஒரு பக்கம் உரக்கப் படிப்போம். வரிசை சுற்றி வந்ததில் கடைசிப் பக்கம் அவளுக்கு வந்தது. பெட்டி, தேய்த்த சட்டைகள், திறந்திருந்த கதவு என்று நிறுத்தி நிதானமாக, குரல் கொஞ்சமும் இடறாமல் படித்தாள். படித்து முடித்துப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

கர்னல்தான் முதலில் பேசினார். "நீதி கிடைத்துவிட்டது. கோர்ட்டால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். யாரை வீட்டில் வைத்துக்கொள்வது என்று சட்டம் சொல்ல முடியுமா? அது அவரவர் உரிமை" என்றார் ஆங்கிலத்தில்.

இந்திரா காரு தலையை ஆட்டினார். "இல்லை, கர்னல். ஆசிரியர் அந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறார். இவள் கெட்டவளாக இருந்தால் நமக்குச் சுலபம். இவள்தான் இந்த நாவலிலேயே நல்லவள். தூக்கில் போடச் சம்மதிக்காதவள், தூங்க இடம் கொடுக்கவும் சம்மதிக்கவில்லை. தப்பெண்ணம் கெட்டவர்களிடம் மட்டும் இருப்பதில்லை என்கிறார்" என்றார். எவ்வளவு அழகான வாசிப்பு! சொல்லும்போது அவர் முகம் ஒளிர்ந்தது. அவருக்குப் பின்னால், சன்னல் வழியே, கேட்டும் பலகையின் முதுகும் தெரிந்தன.

"அவன் ஏன் அவளுக்கு நன்றி சொல்கிறான்?" என்று கேட்டார் கர்னல்.

ஷாஹீன் மெதுவாக, "எஹ்ஸான் ஹை நா, சார். உயிரைக் காப்பாற்றியவளிடம் வீட்டையும் கேட்டால் பேராசை ஆகிவிடும். அதனால் நன்றி மட்டும் சொல்கிறான்" என்றாள். எஹ்ஸான் என்றால் பட்ட நன்றிக்கடன். சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை.

இந்திரா காருவைப் பார்த்து, "போர்டு எந்துக்கு தீயலேது?" என்றேன். மாடியைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்களே, பலகையை ஏன் எடுக்கவில்லை என்பது என் கேள்வி. அவர் அதை ஏதோ வீட்டு வேலையை ஞாபகப்படுத்துகிற கேள்வியாக எடுத்துக்கொண்டார். "அய்யோ, மர்ச்சிபோயானு மங்கை காரு. ரேப்பு தீஸேஸ்தானு" என்று சிரித்தார். மறந்துவிட்டாராம், நாளைக்கு எடுத்துவிடுவாராம். கர்னல் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். என் அரைகுறைத் தெலுங்கு எல்லோருக்கும் தப்பித்துப் போக ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தது. நானும் அதே வழியில் தப்பித்துப் போயிருக்கலாம்.

அந்த நேரம் என்னைக் கூட்டிப்போக வந்த கயல் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்குத் தமிழ் வந்துவிட்டது. "கயலு, நான் சொல்றத அப்படியே அவுகளுக்குச் சொல்லு. ஒண்ணையும் கூட்டாத, குறைக்காத" என்றேன். பிறகு இந்திரா காருவைப் பார்த்துத் தமிழிலேயே பேசினேன். மாரெட்பள்ளி வீட்டையும், மோரையும், மீரேமிட்லுவையும் சொன்னேன். டீச்சர் என்று பதில் சொன்னதைச் சொன்னேன். "அந்தம்மாவும் ரொம்ப நல்லவுகதான். எனக்கு மோர் குடுத்தாக. நீங்க ஷாஹீனுக்கு ரசஞ்சோறு குடுத்தீக. ஆனா மாடி காலியா இருக்கயில இல்லன்னு சொல்லிட்டீகளே" என்றேன்.

கயல் ஒவ்வொரு வாக்கியமாகத் தெலுங்கில் சொன்னாள். கடைசி வாக்கியத்தில் ஒரு கணம் நின்றாள். மென்மையாக்கிச் சொல்லப்போகிறாள் என்று பயந்தேன். அவள் நிமிர்ந்து, இந்திரா காருவின் கண்ணைப் பார்த்து, நான் சொன்ன அதே எடையோடு சொன்னாள். தமிழில் எனக்கு ஒரு பதில்கூடச் சொல்லாத பெண், என் தமிழின் ஒரு சொல்லைக்கூடக் கீழே போடவில்லை. அவளைப் பெற்றதற்கு நான் பெருமைப்பட்ட நாட்கள் பல உண்டு. அந்த நாளுக்கு இணையாக ஒன்று இல்லை.

ஷாஹீன் திடீரென்று சிரித்தாள். "ஆன்ட்டி, உங்களிடமாவது கேட்டார்கள். ஹம்னாகு தோ பூச்தேச் நை. நாம் சுனே, பஸ்" என்றாள். எங்களிடம் கேட்பதுகூட இல்லை, பெயரைக் கேட்டால் போதும் என்றாள். எனக்கு விருதுநகர்த் தெருப் பெயர்கள் ஞாபகம் வந்தன. இவளுக்கு எந்த ஊருக்குப் போனாலும் தன் தெருவையும் கூடவே சுமந்து போக வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

இந்திரா காரு எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். ஸ்கூட்டரில் போகும்போது கயல், "அம்மா, தட் வாஸ் ஸ்கேரி" என்றாள். சற்றுத் தூரம் போனதும், "பட் கரெக்ட்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வட்டம் கூடவில்லை. நான் அதை உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அதற்கடுத்த வாரம் ஒரு காலை, இந்திரா காரு எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். எல்லோர் முன்னாலும் கேட்டிருக்க வேண்டாம், தனியாகக் கேட்டிருக்கலாமே என்றார். அதில் நியாயம் உண்டு, ஒப்புக்கொண்டேன். மகன் ஒப்புக்கொள்ளமாட்டான் என்றார். மகனிடம் கேட்டீர்களா என்றேன். அதை விட்டுவிட்டு, கறி சமைக்கிற வாசனை ஆகாது என்றார். "இந்திரா காரு, எங்கள் வீட்டில் எத்தனை தடவை மட்டன் சாப்பிட்டிருக்கிறீர்கள்?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கண் கலங்கியது. "நேனு சொக்காலு உதிகி இச்சானு, மங்கை காரு" என்றார். சட்டைகளைத் துவைத்துக் கொடுத்திருக்கிறேன் என்றார். அத்தனை அத்தியாயங்களையும் எங்களுக்கு விளக்கிய மனுஷி, கடைசி அத்தியாயத்தைத் தனியாக உட்கார்ந்து இன்னொரு தடவை படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. அவ்வளவு வயதில் தன்னைத்தானே புத்தகத்துக்குள் கண்டுபிடித்து, அதை இன்னொருத்தி வீட்டுக்கு வந்து சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அன்றைக்கு நான் அவருக்காகவும் பெருமைப்பட்டேன்.

அன்றே மாடிச் சாவியோடு அவர் கிளினிக்குக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஷாஹீன் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. "இப்படிக் கொடுக்காதீர்கள், ஆன்ட்டி. மற்றவர்களிடம் என்ன கேட்பீர்களோ அதையெல்லாம் என்னிடமும் கேளுங்கள். எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு வேண்டும், எப்போது வருவேன், எல்லாம். பிறகு நான் வந்து வீட்டைப் பார்க்கிறேன்" என்றாள். இந்திரா காரு பரீட்சை எழுத வந்த மாணவிபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இந்திரா காரு மாடியை வெள்ளையடித்து வைத்திருந்தார். வெளிப்பக்கமாகப் போகிற படிக்கட்டு குறுகல், செங்குத்து. ஷாஹீனின் அம்மா பாதி ஏறியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஷாஹீன் மட்டும் மேலே போய், சமையலறை, குளியலறை, சன்னல்கள் எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். "கர் அச்சா ஹை, ஆன்ட்டி. நல்ல வீடுதான். ஆனால் அம்மாவால் இந்தப் படி ஏற முடியாது. எனக்கு வேண்டாம்" என்றாள்.

இந்திரா காருவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் ஏமாற்றம்தான். மனதுக்குள் நல்லதாக ஒரு முடிவு எழுதிவைத்திருந்தேன், அவள் அதற்குள் வர மறுத்துவிட்டாள். திரும்பி வரும்போது, "படிக்கட்டு இருப்பது உனக்கு முன்பே தெரியுமே, ஷாஹீன்?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "கிடைக்காது என்று தெரிந்தபோது படி கண்ணில் படவில்லை, ஆன்ட்டி. இப்போதுதான் வீட்டைப் பார்க்க முடிந்தது." அதைச் சொன்னபோது அவள் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. சரிப்படவில்லை என்று ஒரு வீட்டை மறுக்கிற சாதாரணச் சுகம் அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்திருந்தது. நீதி என்றால் இடம் கிடைப்பது என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல முடிவதும் அதில் சேர்த்தி என்று அவள் காட்டினாள்.

அதற்குப் பிறகு வாசிப்பு வட்டம் கூடியது. கர்னல் பேச்சோடு பேச்சாக, மாரெட்பள்ளியில் தன் நண்பருக்கு ஒரு தரைத்தள வீடு இருப்பதாகவும், முதலிலேயே ஷாஹீனின் பெயரைச் சொல்லிவிட்டதாகவும், நண்பர் சரி என்றதாகவும் சொன்னார். உரிமை பற்றி அவர் மறுபடி எதுவும் பேசவில்லை. ஷாஹீன் போய்ப் பார்த்தாள். குழாயில் தண்ணீர் சரியில்லை, சரிசெய்தால் வருகிறேன் என்றாள். சரிசெய்தார்கள். ஒரே பஸ்ஸில் கிளினிக்குக்கு வந்துவிடலாம்.

குடிபோன பிறகு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இந்திரா காருவும் வந்தார். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் கை கழுவிவிட்டு வாசலில் வந்து நின்றேன். தெருவில் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே இருந்த கயலை நான் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, "தமிழா?" என்றார். தலையாட்டினேன். "எந்த ஊரு நீங்க?" என்றார்.

யோசிக்கவே இல்லை, "இந்த ஊருதான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. விருதுநகரைச் சொல்லாமல் நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மாள் சிரித்தார். "ஹவ், அப்படியா? நா இங்கயே பொறந்தவ. எங்கப்பா, எங்க தாத்தா எல்லாம் சிகந்திராபாத்ல ரயில்வே ஒர்க்‌ஷாப்தான். ஆனா யாரு கேட்டாலும் ஆற்காடுன்னுதான் சொல்றேன். வாயில அதான் வருது."

"ஆற்காட்டுக்குப் போயிருக்கீகளா?" என்றேன்.

"நைம்மா. பாத்ததே இல்ல" என்றார், கொத்தமல்லித் தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டபடி.